மழை விட்ட மறுநாள் உருளும் பாறை

ஐப்பசி அடைமழை என்பது நம் ஊர்ப் பேச்சு. பிழைப்பைத் தேடித் திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்துவிட்ட பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. சென்னையை நனைக்கும் வடகிழக்குப் பருவமழைதான் சேஷாசல மலையையும் நனைக்கிறது. புரட்டாசிக் கூட்டம் ஓய்ந்ததும், "இனி நெரிசல் இராது, சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் நடந்தே மலையேறி வரலாம்" என்று கிளம்புகிறவர்கள் நம்மவர்களில் ஏராளம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

2021 நவம்பர் 18ந் தேதியைத் திருப்பதிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். தெருக்களில் வெள்ளம் ஓடியது. கபில தீர்த்தத்தில் அருவி மண்டபத்தின் மேலேயே பாய்ந்தது. 2388 படிகள் கொண்ட ஸ்ரீவாரி மெட்டுப் பாதையில் பல இடங்களில் படிகள் பெயர்ந்து, பாறையும் மண்ணும் வந்து மூடின. அந்தப் பாதை மறுபடி திறக்கப்பட்டது 2022 மே மாதத்தில்தான்.

ஆனால் ராட்சதப் பாறை விழுந்தது அந்த வெள்ள நாளில் அல்ல. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 1ந் தேதி அதிகாலையில், வாகனங்கள் மேலே ஏறும் இரண்டாவது மலைப்பாதையில் பாறைகள் சரிந்து சாலையையே உடைத்துவிட்டன. உயிர்ச்சேதம் ஏற்படாதது பெரும் அதிர்ஷ்டம். பஸ்களை வேறு வழியில் திருப்பிவிட வேண்டியதாயிற்று.

இந்த இரண்டு வார இடைவெளியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். திருமலையின் மேற்பகுதி குவார்ட்சைட் என்ற கடினமான பாறை. சுமார் 150 கோடி ஆண்டுப் பழமையான அந்தப் பாறை, தன்னைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்த கிரானைட்டின் மேல் அமர்ந்திருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தை மலைப்பாதையிலிருந்தே பார்க்கலாம். அது தேசிய நிலவியல் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. (பஸ்ஸில் அந்த இடம் வரும்போது பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்!) பாறை கடினமானதுதான், ஆனால் அடுக்கடுக்காகவும் வெடிப்பு வெடிப்பாகவும் இருக்கிறது. முதல் மழை வெடிப்புகளில் இறங்கும். அடுத்தடுத்த மழை, பாறையைத் தாங்கி நின்ற மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். உள்ளே தேங்கிய நீர் பாறையை வெளியே நெட்டும். கடைசியில் அது எப்போது விழும் என்பதற்கு வானத்தைப் பார்த்துப் பயனில்லை. வெயில் அடிக்கும்போதும் விழலாம்.

இமயமலைப் பனிச்சரிவும் ஒருவகையில் இதே கதைதான். புதிதாகப் பெய்த பனி, பழைய பனியோடு இறுகுமுன் அதன்மேல் பாரம் ஏறினால், பாளமாக வழுக்கிக்கொண்டு வரும். 2022 அக்டோபர் 4ந் தேதி, உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் குழு 'திரௌபதி கா டண்டா' சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் கிடைத்தன, இருவரைக் காணவில்லை. தேர்ந்த பயிற்சியாளர்கள் உடனிருந்தும் நடந்த விபத்து அது.

நம் மலைக்கு வருவோம். அலிபிரி வழியில் 3550 படிகள். பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. கூரை மழையைத் தடுக்கும், கல்லைத் தடுக்காது. மான் பூங்காவைத் தாண்டியபின் முழங்கால் முறிச்சான் வரையில் வண்டிப் பாதையை ஒட்டியே நடக்க நேரிடும். அங்கே சாரலுக்கு ஒதுங்குவதாக நினைத்துப் பாறைச் சுவரின் அடியில் ஒட்டி நிற்பதுதான் நம்மவர் செய்யும் பெரிய தவறு. நனைந்தாலும் பரவாயில்லை, நடந்துவிடுங்கள். பாதையில் புதிதாகச் சிறு கற்கள் சிதறிக் கிடந்தாலும், நேற்றுவரை தெளிவாகக் கசிந்த நீர் இன்று செம்மண் கலந்து வந்தாலும், மேலே ஏதோ அசைகிறது என்று பொருள். ஸ்ரீவாரி மெட்டை மூடியிருந்தால், காவலரிடம் வாதாடாமல் பஸ் ஏறுவதே மேல்.

தலக்கோனா, நாகலாபுரம் என்று காட்டுக்குள் போகும் இளைஞர்களுக்குக் கல்லைவிட ஓடைதான் ஆபத்து. தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். மேலே காட்டில் பெய்த மழை திடீரென்று வந்து சேரும். போகும்போது கணுக்கால் அளவு தாண்டிய ஓடை, திரும்பும்போது இடுப்பளவு இருக்கும். கயிறு பிடித்துத் தாண்டும் வீரமெல்லாம் வேண்டாம். நீர் வடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருங்கள்; ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும்.

திருமலைக் காட்டுத் தீர்த்தங்களுக்குப் பெரியவர்கள் வைத்திருக்கும் நாட்களைப் பாருங்கள். ராமகிருஷ்ண தீர்த்த முக்கோடி தைப் பௌர்ணமியில், குமாரதாரை மாசியில், தும்புரு தீர்த்தம் பங்குனியில். எல்லாம் மழை ஓய்ந்து, ஓடை வடிந்து, மண் இறுகிய பிறகு. சக்கர தீர்த்தத்துக்கு மட்டும் கார்த்திகையில் நாள் வைத்திருக்கிறார்கள். அது கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது.