செம்மீன்: வலையில ஒண்ணு, வானத்துல ஒண்ணு

செம்மீன்னு சொன்னதும் என்ன ஞாபகம் வருது? பலருக்கு தகழியோட நாவல், இல்லைன்னா 1965-ல ராமு காரியாட் எடுத்த மலையாளப் படம். கேரளக் கடற்கரையில செம்மீன்னா இறால். நம்ம ஊர் மார்க்கெட்ல போய் அரை கிலோ செம்மீன் கேட்டா கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆனா சங்கத் தமிழ்ல செம்மீன் உண்டு. அது எந்த வலையிலயும் சிக்காது. அது ஒரு நட்சத்திரத்தோட பேர்.

இதைப் புரிஞ்சுக்க கடலுக்குப் போக வேண்டாம், ஜவ்வாது மலைக்குப் போகலாம். திருப்பத்தூர் மாவட்டத்துல இருக்கிற காவலூர்ல 1968-லயே தொலைநோக்கி வெச்சுட்டாங்க. 1986-ல வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவோட பேர். நகரத்து வெளிச்சம் எட்டாத இடமா தேடித்தான் அங்கே போனாங்க. அமாவாசை ராத்திரியில அந்த மலையில அண்ணாந்து பார்த்தா, நட்சத்திரத்தை ஏன் ‘மீன்’னு சொன்னாங்கன்னு யாரும் விளக்கவே வேண்டாம். மின்னுது, அதனால மீன். மின்னல், மின்மினி எல்லாம் அதே குடும்பம்.

அப்போ தண்ணியில இருக்கிற மீன்? அதுவும் மின்னுறதாலதான்னு சிலர் சொல்றாங்க. ரெண்டும் வேற வேற சொல், ஒலி மட்டும் ஒண்ணுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு முதல் கட்சிதான் பிடிக்கும். அதுக்காக அது ஆதாரம் ஆகிடாது!

புறநானூறு 60-ஆம் பாட்டுல, நடுக்கடல்ல மீன்பிடி படகோட விளக்கு மாதிரி செம்மீன் மினுங்குதுன்னு ஒரு உவமை வருது. வானத்து மீனைச் சொல்ல மீனவரோட விளக்கு!

பதிற்றுப்பத்துல செம்மீன்னா அருந்ததி. சங்கப் பாட்டுகள்ல அதுக்கே வடமீன்னு இன்னொரு பேரும் உண்டு. கார்த்திகைக் கூட்டம் அறுமீன், சனி மைம்மீன்.

ஒரு சிக்கல்: அருந்ததி சிவப்பா இருக்காது. இறால் வெந்தா சிவக்கும், அங்கே ‘செம்’ நிறம். அருந்ததிக்கு வர்றது செந்தமிழ்ல இருக்கிற ‘செம்’, அதாவது சிறப்புன்னு நான் எடுத்துக்கிறேன்.

கல்யாணத்துல பட்டப்பகல்ல அருந்ததி தெரியுதான்னு கேட்பாங்க, நாமளும் தலையாட்டுவோம். நிஜமாவே பார்க்கணும்னா ஏப்ரல், மே மாசம் இருட்டினதும் வடக்கே திரும்புங்க. கரண்டி மாதிரி ஏழு நட்சத்திரம் இருக்கும். கைப்பிடியோட நடு நட்சத்திரத்தை ஒட்டி மங்கலா ஒண்ணு தெரியும். அதுதான் அருந்ததி.