கூடலூர் காட்டு மக்களும் நம்ம சனங்களும்



1964 ஒக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குக் கப்பலேறிய நம்ம சனங்களில் பலர் நீலகிரி மாவட்டத்தில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் காட்டை வெட்டித் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அதுதான் இன்றைய 'டேன்டீ'. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போனால் "சிலோன்காரங்க" என்று இன்னும் நம்மவர்களைச் சொல்வார்கள்.

ஆனால் அந்தக் காடு ஆளில்லாத காடு அல்ல. கேரள, கர்நாடக எல்லையை ஒட்டிய அந்த மலைச்சரிவில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று ஆதிவாசி மக்கள் பரம்பரையாக வாழ்கிறார்கள். காட்டுநாயக்கர் தேன் எடுப்பதில் கெட்டிக்காரர். பெட்டக்குறும்பர் பலர் முதுமலை முகாமில் யானை பழக்குபவர்கள். பணியர் நில உடைமையாளரிடம் அடிமை போலப் பண்ணை வேலை செய்தவர்கள். கங்காணியிடம் கடன்பட்டுக் கடல் கடந்த நம்ம பூட்டன்மாரின் கதையும் இதற்குத் தூரமில்லை.

இவர்கள் ஏன் நிலத்தை இழந்தார்கள்? கையில் காகிதம் இல்லை, அதுதான் காரணம். வெள்ளைக்காரன் தோட்டம் போட்டான், வனத்துறை வேலி போட்டது, வெளியிலிருந்து வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பாட்டன் காலத்து மண் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

1980களில் இவர்கள் ஊர் ஊராகக் கூடிப் பேசி, ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தை அமைத்தார்கள். 1988 டிசெம்பரில் ஆயிரக்கணக்கானோர் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு தங்கள் நிலத்தில் தாங்களே தேயிலை நட்டார்கள். பல வருஷம் நிற்கும் பயிர் இருந்தால் 'இது என் நிலம்' என்பதற்கு அதுவே சாட்சி. தங்கள் நிலத்தைப் பறித்த பயிரை வைத்தே நிலத்தைக் காத்தார்கள். 1990இல் கூடலூரில் ஆதிவாசி ஆஸ்பத்திரியும் வந்தது. ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று அங்கு தாதிகளானார்கள்.

2006இல் இந்தியா வன உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. காட்டில் குடியிருந்து பயிர் செய்யும் ஆதிவாசிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேயர் வரை உரிமை கிடைக்கும். கோரிக்கையை முதலில் பார்ப்பது ஊர்க்கூட்டம். உரிமைப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் பல வருஷம் இழுபட்டது. இன்னும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை.

அங்குள்ள நம்மவர்கள் நிலையும் உறுதியாக இல்லை. 2022இல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டபோது, ஓய்வு பெற்றால் லயத்தை விட்டுப் போக வேண்டுமே என்ற பயம் பெருகியது. ஆக, ஆதிவாசியும் சிலோன்காரனும் கேட்பது ஒன்றுதான்: காலடி மண்ணுக்கு ஒரு பத்திரம்.

இங்கே நமக்கும் 7 பேர்ச், 10 பேர்ச் என்று பேச்சு நடக்கிறது. வீடு கிடைத்தும் காணி உறுதி கைக்கு வராத குடும்பங்கள் ஏராளம். உறுதி வரும்போது, வீட்டுக்காரம்மா பெயரும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் தெரிந்த பிள்ளையை வைத்து முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரதியொன்று பத்திரமாக வைத்திருங்கள். தனியாகப் போய் நிற்காமல், கூடலூர் மக்களைப் போல் லயத்தோடு சேர்ந்து கேளுங்கள்.