முச்சக்கர விசையுந்தில் இயக்கப் பட்டையைச் சரிசெய்தல்

இயக்கப் பட்டை என்பது எந்திரத்தின் சுழல்விசையைப் பின்சக்கரத்திற்குக் கொண்டு செல்லும், உட்புறம் பற்கள் கொண்ட பட்டை (பெல்ட்) ஆகும். முன்புறம் இரு சக்கரங்களும் பின்புறம் ஒரு சக்கரமும் உடைய முச்சக்கர விசையுந்துகள் பலவற்றில் சங்கிலிக்குப் பதிலாக இது பயன்படுகிறது. கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய கேன்-ஆம் ஸ்பைடர், அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ஸ்லிங்ஷாட், இங்கிலாந்தின் மார்கன் நிறுவனம் 2011 முதல் 2021 வரை உருவாக்கிய 3 வீலர் ஆகியவை இவ்வகையின. இந்தியாவிலும் இலங்கையிலும் ஓடும் ஆட்டோக்களின் அமைப்பு வேறு. அவற்றில் எந்திரம் பின்புறம் இருந்து, தண்டுகள் வழியாக இரு பின்சக்கரங்களையும் சுழற்றுகிறது. எனவே இக்கட்டுரையில் கூறப்படுவது அவற்றிற்குப் பொருந்தாது.

இரு திருகுகள், இரு அளவுகள்

ஸ்பைடர் போன்ற வண்டியில் பின்சக்கரத்தின் அச்சு, சுவிங் ஆர்ம் எனப்படும் தாங்குகையின் இரு முனைகளிலும் உள்ள நீள்துளைகளில் அமர்ந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சரிசெய் திருகு உண்டு. அச்சின் நட்டைத் தளர்த்தி இத்திருகுகளைத் திருப்பினால் அச்சு முன்னும் பின்னும் நகரும்.

பணியின் சிக்கல் இங்குதான் உள்ளது. இரு திருகுகளையும் ஒரே அளவு திருப்பினால் பட்டையின் இழுவிசை மாறும். ஒன்றை மட்டும் திருப்பினால் அச்சு சாய்ந்து பட்டையின் நேரமைவு மாறும். கூடவே இழுவிசையும் சிறிது மாறும். கணித முறையில் கூறுவதாயின், இரு திருகுகளின் நகர்வுகளது சராசரி இழுவிசையையும், அவற்றின் வேறுபாடு நேரமைவையும் தீர்மானிக்கின்றன. ஒன்றைச் சரிசெய்த பின் மற்றொன்றை மீண்டும் பார்க்காமல் விடுவதே பல கோளாறுகளுக்குக் காரணமாகிறது.

இழுவிசையை அளத்தல்

இழுவிசை குறைந்தால் கடும் முடுக்கத்தின்போது பட்டையின் பற்கள் பற்சக்கரத்தின் பற்களைத் தாண்டிக் குதிக்கும். ஒருமுறை குதித்தாலே உள்ளிழைகள் சேதமடையக்கூடும். இழுவிசை மிகுந்தால் பட்டை மட்டுமன்றி, பற்சக்கரத் தண்டின் தாங்கிகளும் (பேரிங்) விரைவில் தேயும். கையால் அழுத்திப் பார்த்து மதிப்பிடுவது சங்கிலிக்குப் பழகியவர்களின் வழக்கம். பட்டைக்கு அது போதாது.

அழுத்தத்திற்குப் பட்டை எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் எளிய கருவி ஒன்று உண்டு. மற்றொரு முறை ஒலி வழியானது. இரு பற்சக்கரங்களுக்கு இடைப்பட்ட பட்டையை வீணைத் தந்தியைப் போல் தட்டினால் அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும். இழுவிசை T, ஒரு மீட்டர் பட்டையின் நிறை m, இடைப்பட்ட நீளம் L, அதிர்வெண் f எனில்,

T = 4 × m × L² × f²

எடுத்துக்காட்டாக, மீட்டருக்கு 0.2 கிலோகிராம் நிறையுள்ள பட்டை 0.5 மீட்டர் நீளத்தில் 50 ஹெர்ட்சில் அதிர்ந்தால் இழுவிசை 500 நியூட்டன். இவை விளக்கத்திற்கான எண்களே. ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அளவை அதன் பராமரிப்புக் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். அதிர்வெண் இருமடியில் வருவதால், அதில் 10 விழுக்காடு உயர்வு இழுவிசையில் 21 விழுக்காடு உயர்வாகும். அளவியைக் கவனமின்றிப் படித்தால் பிழை இருமடங்குக்கு மேல் பெருகும் என்பது இதன் பொருள்.

வண்டி எந்நிலையில் இருக்கும்போது அளக்கப்படுகிறது என்பதும் முக்கியம். முன் பற்சக்கரத்தின் மையமும் சுவிங் ஆர்ம் திரும்பும் மையமும் பொதுவாக ஒரே புள்ளியில் இருப்பதில்லை. ஆகவே பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்போது பற்சக்கரங்களின் இடைவெளி மாறுகிறது. சக்கரம் தரையில் ஊன்றியிருக்கையில் கிடைக்கும் அளவும், தூக்கியிருக்கையில் கிடைக்கும் அளவும் வேறுபடும். அலுமினிய பாகங்கள் சூட்டில் விரிவதால் வண்டி ஆறிய பின்பே அளப்பது நலம். பின் பற்சக்கரம் முழுமையான வட்டமாகச் சுழலாமலும் இருக்கலாம் என்பதால், சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல இடங்களில் அளந்து, மிக இறுக்கமான இடத்தைக் கண்டறிவது வழக்கம்.

நேரமைவு

பின்சக்கரத்தைத் தூக்கி, முன்னோக்கிச் சுழலும் திசையில் கையால் பலமுறை சுற்றிப் பட்டை எங்கு நிலைகொள்கிறது என்று பார்க்க வேண்டும். பட்டை பற்சக்கரத்தின் பக்க விளிம்பில் அழுந்தி ஓடினால் ஓரம் தேயும். கிறீச்சென்ற ஒலியும் எழலாம். திருகை ஒரு நேரத்தில் சிறிதளவே திருப்பி, மீண்டும் சுற்றிப் பார்க்க வேண்டும். அவசரம் கூடாது, பட்டை புதிய இடத்திற்கு நகரச் சில சுற்றுகள் ஆகும். பின்னோக்கிச் சுற்றினால் பட்டை வேறிடத்தில் ஓடக்கூடும் என்பதால் அதை வைத்து முடிவு செய்யலாகாது.

இறுதியாக அச்சின் நட்டை, டார்க் ரெஞ்சு கொண்டு, குறிப்பிட்ட முறுக்கத்திற்கு இறுக்க வேண்டும். இறுக்கும்போதே அச்சு சற்று நகர்வதுண்டு. அதனால் இழுவிசையையும் நேரமைவையும் இறுக்கிய பின் ஒருமுறை அளக்காதவரை பணி முடிந்ததாகக் கொள்ள முடியாது.

பாதுகாப்பு

ஸ்பைடரில் நிறுத்தத் தடை (பார்க்கிங் பிரேக்) பின்சக்கரத்தில் செயல்படுவது. சக்கரத்தைச் சுற்ற அதை விடுவிக்க வேண்டும். அப்போது வண்டியை உருளாமல் பிடிப்பது முன்சக்கரங்களுக்கு வைத்த முட்டுக்கட்டைகள் மட்டுமே. எந்திரத்தை இயக்கிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பது, நேரத்தை மிச்சப்படுத்துவது போல் தோன்றினாலும், விரல்களை இழக்கச் செய்யக்கூடியது. பட்டையும் பற்சக்கரமும் சேரும் இடத்தில் கை அகப்பட்டால், கையால் சுற்றும்போதுகூடக் காயம் ஏற்படும்.

பட்டையின் நிலை

கார்பன் அல்லது அராமிடு இழைகளால் வலுவூட்டப்பட்ட பட்டைகள் சங்கிலியைப் போல் நாளடைவில் நீள்வதில்லை. புதிய பட்டை தொடக்கத்தில் சிறிது தளர்வது இயல்பு. பழைய பட்டை அடிக்கடி தளர்ந்தால் அச்சு நட்டு, தாங்கிகள், தேய்ந்த பற்கள் ஆகியவற்றை ஆராய வேண்டும். மேலும் மேலும் இறுக்குவது தீர்வாகாது. சிறு கல் ஒன்று பட்டைக்கும் பற்சக்கரத்திற்கும் இடையே சிக்கினால் இழைகள் அறுபடலாம். வெடிப்பு, துளை, பல் இழப்பு காணப்பட்டால் பட்டையை மாற்ற வேண்டும். கழற்றிய பட்டையைக் கூர்மையாக மடித்து வைத்தாலும் உள்ளிழைகள் முறியும்; அத்தகைய பட்டை வெளிப்பார்வைக்குப் புதிதாகவே தெரியும்.