அயல்நாட்டு விற்பனையாளரை ஆராய்ந்தறிதல்



பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூரு முதலிய நகரங்களிற் குடியேறிய தமிழ் மக்களில் சிறு வணிகம் செய்வோர் பலர். உள்ளூர் மொத்த வியாபாரியிடம் சரக்கெடுத்து விற்றுவந்தவர்களுள் சிலர், இன்று சீனம் முதலிய நாடுகளிலிருந்து தாமே நேராகச் சரக்கு வருவிக்க முற்படுகின்றனர். கடல் கடந்த வாணிகம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. எனினும், முன்னாளில் வணிகன் சரக்கோடு தானும் கப்பலேறினான். விற்பவன் முகத்தையும் அவன் கிடங்கையும் நேரிற் கண்டான். இன்றோ நாம் காண்பது ஓர் இணையப் பக்கமும் சில புகைப்படங்களுமே. கண்ணாற் காணாத ஒருவருக்கு, வீட்டு நகையை அடகு வைத்துத் திரட்டிய பணத்தை அனுப்புமுன், அவரை எங்ஙனம் ஆராய்ந்தறிவது? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

வங்கி நடுவில் நிற்கும்போது அச்சம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெளிநாட்டு வாணிகத்தில் 'லெட்டர் ஆப் கிரெடிட்' என்னும் கடன் உறுதிக் கடிதம் பெருவழக்காயுள்ளது. குறிப்பிட்ட பத்திரங்களை விற்பவர் குறையின்றி ஒப்படைத்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி அதில் உறுதி கூறுகின்றது. இது நல்ல பாதுகாப்பே. ஆயினும் அதன் எல்லையை நாம் அறிதல் வேண்டும். சர்வதேச வர்த்தக சபை வகுத்து, 2007 ஜூலை 1 முதல் வழங்கிவரும் விதித்தொகுப்பின்படி, வங்கி பார்ப்பது பத்திரங்களையே, சரக்கை அன்று. பெட்டிக்குள் பட்டு இருக்கின்றதா, பழந்துணி இருக்கின்றதா என்பது வங்கியின் கவலையன்று. கப்பல் நிறுவனம் தரும் 'பில் ஆப் லேடிங்' என்னும் சரக்கேற்றச் சீட்டும் அத்தகையதே. விற்பவர் பூட்டி முத்திரையிட்டுத் தந்த பெட்டியைக் கப்பல்காரர் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே, 'உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகின்றது' என்னும் பொருள்பட அதில் எழுதிவிடுவதே வழக்கம்.

இதனை விளக்க ஒரு வழக்கைக் கூறலாம். 1941ஆம் ஆண்டு நியூயார்க் நீதிமன்றத்துக்கு வந்த அவ்வழக்கில், விற்றவர் லக்னோவில் இருந்த ஒரு நிறுவனத்தார், வாங்கியவர் அமெரிக்கர். தூரிகை செய்வதற்குரிய முரட்டு மயிரை வாங்க ஒப்பந்தமாயிற்று. ஐம்பது பெட்டிகள் கப்பலேறின. பத்திரங்களும் முறைப்படி கான்பூரிலிருந்த வங்கிக் கிளையில் ஒப்படைக்கப்பட்டன. ஆனால், பெட்டிகளில் நிறைந்திருந்தது மாட்டு மயிரும் குப்பையுமே என்று வாங்கியவர் முறையிட்டார். அவர் கூறுவது உண்மையாயின், மோசடியை முன்கூட்டி அறிந்த வங்கி பணம் கொடுக்கக் கடமைப்பட்டதன்று என நீதிமன்றம் கருதிற்று. உலகெங்கும் வங்கிச் சட்டம் பயில்வோர் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பணம் கைமாறுமுன்னரே உண்மை தெரியவந்தமையால்தான் வழக்குக்கு உயிர் இருந்தது. பணம் போன பின் தெரிந்திருந்தால், கடலுக்கப்பால் உள்ளவரைத் தேடியலையும் வேலையே மிஞ்சியிருக்கும்.

ஆதலால் நாம் கடைப்பிடிக்கத்தக்க நெறி ஒன்றே. விற்பவர் தம்மைப்பற்றிச் சொல்லும் எதனையும் அவர் கையிலிருந்து பெற்ற சான்றைக்கொண்டே மெய்யென ஏற்றல் கூடாது. அவர் சாராத மற்றொரு கையிலிருந்து அதனை உறுதிசெய்துகொள்ளல் வேண்டும்.

முதலாவது, அவர் இருக்கின்றாரா என்பது. சிங்கப்பூர், பிரிட்டன் முதலிய நாடுகளில் நிறுவனங்களின் பதிவேட்டை எவரும் இணையத்திற் பார்வையிடலாம். சீனத்திலும் அரசின் பதிவுத்தளம் உண்டு. அந்நாட்டு நிறுவனத்தின் சட்டபூர்வமான பெயர் சீன எழுத்திலுள்ள பெயரேயாகும். ஆங்கிலப் பெயர் வசதிக்காக வைத்துக்கொண்டது. ஆகவே வணிக உரிமத்தின் படியைக் கேட்டுப் பெற்று, அதிலுள்ள சீனப் பெயரையும் 18 இலக்க அடையாளக் குறியீட்டையும் கொண்டு அத்தளத்தில் தேடுதல் வேண்டும். தொடங்கிய ஆண்டு, முகவரி, தொழிலின் வகை ஆகியவை அங்கே தெரியும். தம்மைத் தொழிற்சாலை என்று கூறுபவர் உண்மையில் இடைத்தரகரா என்பதற்கும் அங்கே குறிப்புக் கிடைக்கலாம். ஆயினும், பதிவு என்பது பிறப்புச் சான்றே, நன்னடத்தைச் சான்றன்று.

இரண்டாவது, அவரது நாணயமும் ஆற்றலும். விற்பவரைப்பற்றிய நிதிநிலை அறிக்கையை நம் வங்கியின் வாயிலாகவோ, அத்தொழிலுக்கென உள்ள நிறுவனங்களின் வாயிலாகவோ பெறலாம். அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கும் எழுதிக் கேட்கலாம்.

மூன்றாவது, சரக்கின் தரம். மாதிரி நன்றாயிருந்தது என்பதனால் முழுச் சரக்கும் நன்றாயிருக்கும் என்று கொள்ளுதல் தவறு. கப்பலேறுமுன் சரக்கைச் சோதித்துச் சான்றளிப்பதற்கு 1828இல் தோன்றிய பீரோ வெரிடாஸ், 1878இல் தோன்றிய எஸ்.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் உள்ளன. நாம் ஒப்புக்கொண்ட மாதிரியை முத்திரையிட்டு அவர்களிடம் தரலாம். அவர்களது சோதனைச் சான்றையும் கடன் உறுதிக் கடிதத்தில் கட்டாயப் பத்திரமாகச் சேர்த்துவிட்டால், அச்சான்று இன்றி வங்கி பணம் கொடாது. பத்திரத்தை மட்டுமே பார்க்கும் வங்கியை, இவ்வழியால் சரக்கையும் பார்க்கச் செய்தவராவோம்.

நான்காவது, நம் நாட்டுச் சட்டம். விளையாட்டுப் பொருள்களை எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரி 1 முதல், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்ற தொழிற்சாலையில் ஆக்கப்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை தாங்கியவையே இங்கு இறக்குமதியாகலாம். வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கும் இவ்விதி உண்டு. படத்தில் முத்திரையைக் காட்டினாற் போதாது. உரிம எண்ணைக் கேட்டு அமைவனத்தின் தளத்திற் சரிபார்த்தல் வேண்டும். தவறினால் துறைமுகத்திற் சுங்க அதிகாரிகள் பொறுப்பாளியாக்குவது நம்மையே, விற்றவரை அன்று. வழக்கு முடியும்வரை கிடங்கு வாடகையும் நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவது, பணம் செல்லும் கணக்கு. அது பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். தனியொருவர் பெயருக்கோ தொடர்பில்லாத வேறொரு நாட்டுக்கோ அனுப்புதல் ஆகாது. பல மாதம் ஒழுங்காக நடந்த வாணிகத்தில், திடீரென 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வருவதுண்டு. கடிதப் போக்குவரத்தை இடையிற் புகுந்து படிக்கும் திருடர் எழுதியதாயும் அஃது இருக்கலாம். அம்மின்னஞ்சலிலுள்ள எண்ணுக்கன்றி, முன்னரே நாம் அறிந்த எண்ணுக்குத் தொலைபேசியிற் பேசித் தெளிந்த பின்னரே பணம் அனுப்புதல் தகும். சரக்குப் புறப்பட்டதாகச் சொன்னாலும், சரக்கேற்றச் சீட்டின் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நாமே இட்டுப் பார்த்தல் நன்று.

இறுதியாக, புலம்பெயர்ந்து வாழும் நமக்கென்றே உரிய ஓர் எச்சரிக்கை. மொழி வேறாய ஊரில் நம் மொழி பேசுவோரைக் கண்டால் மனம் நெகிழ்கின்றது. 'நம் ஊர்க்காரர் சொன்னார்' என்பதே போதிய சான்றாகிவிடுகின்றது. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். எனினும், அயல்நாட்டுக் கிடங்கை அவரும் கண்டிரார். ஊர்க்காரர் சொல் அறிமுகமாகலாம், ஆய்வுக்கு ஈடாகாது. அவரிடம் நாம் கேட்கத்தக்கது, 'அவரை நம்பலாமா?' என்பதன்று, 'நீங்கள் அவரிடம் எத்தனை முறை, எவ்வளவு சரக்கு வாங்கினீர்கள்?' என்பதே.

இவ்வளவு ஆராய்ச்சிக்கும் சிறிது செலவும் சில வாரங்களும் ஆகும். முதல் வாணிகத்தைச் சிறு அளவில் நிறுத்திக்கொண்டால் அச்செலவும் நட்டமாகாது. நாணயமுள்ள விற்பனையாளர் இக்கேள்விகளைக் கேட்டுச் சினங்கொள்வதில்லை. தம் சரக்கில் நம்பிக்கையுள்ளவர் சோதனையை வரவேற்பார். 'இன்றே அனுப்புங்கள், நாளை விலை ஏறிவிடும்' என்று அவசரப்படுத்துபவரிடமோ, விலை எவ்வளவு மலிவாயினும், பணத்தை ஒப்படையாதிருத்தலே அறிவுடைமை.