மௌலா அலி வானம்: அன்றும் இன்றும்

ஹைதராபாத்தின் மௌலா அலி வட்டாரத்தில் 2008க்கு முன் குடியிருந்தவர்களுக்கு விமானம் அன்றாட வாழ்க்கையின் ஓர் அங்கம். பேகம்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் கிழக்கு முனையிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்தால் லாலாகூடா, மல்காஜ்கிரி பக்கமாக வந்து மௌலா அலியை ஒட்டிப் போகும். கிழக்கிலிருந்து இறங்கும் விமானங்கள் அந்தக் கோட்டில்தான் வந்தன. வழக்கமான மூன்று பாகைச் சரிவில், ஓடுபாதைக்கு 8 கி.மீ. முன்னே விமானத்தின் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர்தான். துணி உலர்த்த மாடிக்குப் போனவர் அண்ணாந்தால் சக்கரம் தெரியும், இறக்கையின் அடிப்பக்கம் தெரியும்.

2008 மார்ச் 23 அன்று பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்தின் புதிய விமான நிலையத்துக்குப் போய்விட்டன. மௌலா அலியிலிருந்து அது நேர்கோட்டில் 25 கி.மீ.க்கு மேல். விமானம் விலகிப் போன அதே காலத்தில் அதைப் பற்றிய அறிவு நெருங்கி வந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் என்ன மாறியிருக்கிறது என்பது புரியும்.

அன்று: பார்க்கலாம், கேட்க முடியாது

பேகம்பேட்டை நிஜாம் ஆட்சியில் உருவான விமான நிலையம். அங்கிருந்து இயங்கிய டெக்கான் ஏர்வேஸ் 1953இல் இந்தியன் ஏர்லைன்ஸில் இணைக்கப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உள்நாட்டில் பெரும்பாலும் அந்த ஒரே நிறுவனத்தின் ஆட்சி. தலைக்கு மேல் போவது எந்த விமானம் என்று அறிய, ஒலியும் நேரமும்தான் துணை. ஆவ்ரோவின் இரைச்சல் வேறு, போயிங் 737இன் இரைச்சல் வேறு. தாமதமா என்று தெரிய வேண்டுமானால் விமான நிலைய விசாரணை எண்ணைச் சுற்றிச் சுற்றி அலுக்க வேண்டும்.

விமானியும் கோபுரமும் பேசிக்கொள்வது வானொலியில்தான். ஆனால் அது வீட்டுக்குள் வர வழியில்லை. 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி ஒயர்லெஸ் கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. 1980களின் முற்பகுதி வரை பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே பல வீடுகளில் தபால் அலுவலகத்தில் கட்டணம் கட்டி லைசென்ஸ் புத்தகம் வைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் மௌலா அலி மின்னணுவியலின் பக்கத்து வீடு. 1967இல் தொடங்கிய அரசு மின்னணு நிறுவனமான ஈசிஐஎல் இங்கே கூப்பிடு தூரம். அதை உருவாக்கிய ஏ.எஸ். ராவின் பெயர்தான் இன்று அருகிலுள்ள குடியிருப்புப் பகுதிக்கு. டிடிசி-12 என்ற கணினியையும் பிறகு ‘ஈசி’ டிவியையும் செய்த நிறுவனம் அது. சந்திரயான்-1இன் குரலைக் கேட்க பெங்களூரு அருகே பையலாலுவில் நிற்கும் 32 மீட்டர் ஆண்டெனாவும் அவர்கள் கட்டியதுதான். கருவி செய்யும் கைகள் இந்தத் தெருக்களிலேயே குடியிருந்தன. ஆனால் வானத்தைக் கேட்கும் உரிமை அரசு வளாகத்தின் மதில் சுவருக்குள் இருந்தது.

இடையில்: தில்லி தந்த பாடம்

1996 நவம்பர் 12. தில்லியிலிருந்து மேலேறிய சவூதி போயிங் 747க்கு 14,000 அடி என்றும், இறங்கி வந்த கஜகஸ்தான் இல்யூஷினுக்கு 15,000 அடி என்றும் சொல்லப்பட்டிருந்தது. இல்யூஷின் தனக்குச் சொல்லப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியது. சர்க்கி தாத்ரி நகருக்கு அருகே இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். அன்றைக்குத் தில்லி ரேடார் விமானம் இருக்கும் திசையையும் தூரத்தையும் காட்டியது, உயரத்தைக் காட்டவில்லை. விமானி வாயால் சொல்வதைத்தான் கட்டுப்பாட்டாளர் நம்ப வேண்டியிருந்தது.

அந்த விபத்துக்குப் பிறகு, விமானங்கள் தாமாகவே உயரத்தைச் சொல்லும் ரேடாரும், மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் டிகாஸ் கருவியும் இந்திய வானில் இடம்பிடித்தன. விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் இதற்கெல்லாம் பதில் சொல்லும் அலைவரிசை 1090 மெகாஹெர்ட்ஸ். பின்னர் ஏடிஎஸ்-பி வந்தது. யாரும் கேட்காமலே விமானம் தன் அடையாளம், இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் அதே அலைவரிசையில் நொடிக்குப் பலமுறை அறிவிக்கும் முறை இது. இதற்குப் பூட்டு கிடையாது. எந்த நாட்டு விமானமும் எந்த நாட்டுக் கோபுரமும் உடனே புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் திறந்தே வைத்தார்கள். மொட்டை மாடி ஆர்வலருக்கு வழி கிடைத்தது அந்தத் திறப்பில்தான்.

இன்று: டாங்கிளும் ஏழு சென்டிமீட்டர் கம்பியும்

ஐரோப்பாவில் கணினியில் டிவி பார்க்க விற்ற மலிவான யுஎஸ்பி டாங்கிள் ஒன்று உண்டு. அதன் சில்லு, வரும் அலையை அப்படியே கணினிக்குக் கொடுக்கக்கூடியது என்பதை ஃபின்லாந்தின் ஆண்டி பலோசாரி 2012இல் வெளிப்படுத்தினார். விரைவிலேயே இத்தாலிய நிரலாளர் சால்வதோரே சான்ஃபிலிப்போ, விமானங்கள் அனுப்பும் செய்தியை அந்த டாங்கிள் வழியே படிக்கும் டம்ப்1090 என்ற இலவச மென்பொருளை எழுதி வெளியிட்டார். அதுவரை இதற்கென்று தனியாக விற்ற ரிசீவர்களின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. இன்று டாங்கிள், ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, கேபிள் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்.

ஆண்டெனாவை வீட்டிலேயே செய்யலாம். 1090 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 27.5 செ.மீ.; அதில் கால் பங்கு 6.9 செ.மீ. ஒரு கனெக்டரின் நடுவில் அந்த நீளத்துக்குச் செப்புக் கம்பி ஒன்றை நிமிர்த்திப் பற்ற வைத்து, சுற்றிலும் நான்கு கம்பிகளைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் முடிந்தது. டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளே போதும். நீளம் கூடக் கூட சிக்னல் தேயும் என்பதால் ரிசீவரை ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. ஆனால் ஹைதராபாத் மே மாத வெயிலில் மொட்டை மாடிப் பெட்டிக்குள் டாங்கிள் தாங்காது. நிழலும் காற்றோட்டமும் வேண்டும்.

வந்து விழும் செய்தி ஒவ்வொன்றும் 112 பிட். ஒரு பிட்டுக்கு ஒரு மைக்ரோ நொடி. முன்னறிவிப்புத் துடிப்பையும் சேர்த்தால் மொத்தம் 120 மைக்ரோ நொடி. திரையில் அது ‘8டி’ என்று தொடங்கும் எண்ணெழுத்து வரிசையாக வரும். அதை அடுத்த ஆறு இடங்கள் அந்த விமானத்துக்கே உரிய முகவரி. முதல் இரண்டு இடங்கள் 80 முதல் 83க்குள் இருந்தால், அது இந்தியாவில் பதிவான விமானம் என்று வரைபடம் திறக்கும் முன்பே சொல்லிவிடலாம். உயரம் 25 அடிப் படிகளில் வரும். அந்த உயரம் ஒரு பொதுவான காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டு கடல் மட்டத்தை ஒட்டி எண்ணப்படுவது. நம் தலைக்கு மேல் எவ்வளவு என்று அறிய, நகரம் நிற்கும் பீடபூமியின் உயரமான சுமார் 1,750 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இந்த அலை நேர்கோட்டில்தான் போகும். 35,000 அடியில் பறக்கும் விமானத்தைத் தடையில்லாத இடத்திலிருந்து 400 கி.மீ. வரை கேட்கலாம். சென்னைக்குப் போகும் விமானத்தை ஆந்திரம் முழுக்கத் தொடரலாம். நெல்லூர் வட்டாரத்தில் இறங்கத் தொடங்கும்போது அது மறைந்துவிடும். மௌலா அலியில் குடியிருப்பவருக்கு இன்னொரு தடையும் உண்டு. தர்கா வீற்றிருக்கும் கருங்கல் குன்று எந்தத் திசையில் நிற்கிறதோ, அந்தத் திசையில் தாழ்வாகப் பறக்கும் விமானங்கள் திரையில் வருவதில்லை. சில வாரப் பதிவுகளை வரைபடமாக்கினால் குன்றின் நிழல் ஓர் ஆப்பு வடிவத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும்.

தெரிந்ததை என்ன செய்வது

2006இல் ஸ்வீடனில் இருவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஃபிளைட்ரேடார்24, 2009 முதல் யார் வேண்டுமானாலும் தகவல் அனுப்ப இடம் கொடுத்தது. மகளை வழியனுப்பிவிட்டு வந்த பெற்றோர் கைபேசியில் பார்க்கும் மஞ்சள் விமானச் சின்னம், பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு மாடிக் கம்பி கேட்டுச் சொன்னது. இடத்தைச் சொல்லாத விமானத்தைக்கூட நான்கு வீடுகள் சேர்ந்து கண்டுபிடிக்கும். ஒரே சிக்னல் ஒவ்வொரு வீட்டுக்கும் எந்த மைக்ரோ நொடியில் வந்தது என்று ஒப்பிட்டால் போதும். ஒரு மைக்ரோ நொடி வித்தியாசம் என்றால் 300 மீட்டர். விமானம் தன் இடத்தை எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறது என்பதும் செய்தியிலேயே இருப்பதால், ஜிபிஎஸ் சிக்னலை யாரோ குலைக்கும் பகுதிகளை உலக வரைபடத்தில் குறிக்கவும் இந்த வீட்டுத் தரவுதான் உதவுகிறது.

அறிவு கைக்கு வந்தால் பொறுப்பும் வரும். ஹகிம்பேட்டையும் துண்டிகலும் விமானப்படைத் தளங்கள், இங்கிருந்து தொலைவில்லை. அவர்களுடைய நடமாட்டத்தைச் சேகரித்துப் பரப்புவது பொழுதுபோக்கு ஆகாது. கருவி வாங்கும் முன் ஒயர்லெஸ் விதிகளைப் படித்துக்கொள்வதும் கடமை.

பெருநகரங்களுக்கு வெளியே இந்தக் கம்பிகள் இன்னும் நிறைய வேண்டும். 1,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தைச் சுமார் 130 கி.மீ.க்கு அப்பால் சமதரையில் உள்ள ஆண்டெனாவால் கேட்க முடியாது. பூமியின் வளைவு மறைத்துவிடும். ஹெலிகாப்டரும் பயிற்சி விமானமும் தாழத்தான் பறக்கின்றன. அவற்றைக் கேட்க அந்தந்த ஊரிலேயே ஒரு காது வேண்டும். மௌலா அலியில் ஒன்று இருந்தால் நல்கொண்டாவிலும் ஒன்று, கரூரிலும் ஒன்று, பட்டுக்கோட்டையிலும் ஒன்று இருக்க வேண்டும். பள்ளிக்கூட மாடிகளே இதற்குச் சரியான இடம். அலைநீளத்தையும் மைக்ரோ நொடியையும் பூமியின் வளைவையும் கரும்பலகையில் மட்டும் பார்த்த பிள்ளைகள், அவற்றைத் தங்கள் ஊர் வானத்திலேயே அளந்து பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் ஈசிஐஎல் வளாகத்துக்குள் மட்டும் சாத்தியமாக இருந்த வேலை இது. இன்று ஒரு பத்தாம் வகுப்பு செய்யக்கூடியது.