கொக்கியில் எத்தனை கிலோ?

கரும்பு வெட்டுக் காலத்தில் புதுச்சேரியை அடுத்த பாகூர் பக்கத்துச் சாலைகளில் பாரம் ஏற்றி வரும் டிராக்டர்களைக் கவனித்திருப்பீர்கள். பாலத்து மேடு வந்ததும் சிலவற்றின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அப்போது ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி கேட்காது. டிரெய்லரின் பாரம் கொக்கி வழியாகப் பின்பக்கத்தை அமுக்க, முன்பக்கம் லேசாகிவிடுகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறையெல்லாம் வைத்த ஒரு டிரெய்லரைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தங்கிவர ஆசைப்படுகிறவர்கள், உள்ளலங்காரப் படங்களைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கரும்பு வண்டியைப் பார்த்துவிடுவது நல்லது.

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகர்களின் வண்டி. அது என்ஜின் வைத்த வேன். இங்கே பேசுவது என்ஜின் இல்லாத, இழுக்கப்படுகிற கூண்டைப் பற்றி. பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட இப்படிப்பட்ட முதல் வண்டியாகச் சொல்லப்படுவது 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவருக்காக பிரிஸ்டலில் செய்த ‘வாண்டரர்’. எடை சுமார் 2 டன், இழுத்தவை இரண்டு குதிரைகள். புதுச்சேரிக்கும் வண்டியிலேயே தங்கி வந்து சேர்ந்தவர்கள் புதிதல்ல. 1969-ல் பாரிசிலிருந்து வண்டிகளில் தரைவழியாகக் கிளம்பிய ஓர் இளைஞர் கூட்டம் ஆரோவில்லுக்கு வந்தது. அங்குள்ள ஆஸ்பிரேஷன் குடியிருப்பு உருவானது அவர்களை ஒட்டித்தான்.

கொக்கிக்கு வருவோம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் போதும் என்கிறார்கள். அங்கே கார்களும் சிறியவை, டிரெய்லர் இழுக்கும்போது வேக வரம்பும் குறைவு. அளவு மிஞ்சினால் கரும்பு டிராக்டரின் கதி. குறைந்தால் அதைவிட மோசம்: வால் ஆடத் தொடங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரெய்லரின் எடை 1,000 கிலோ, அச்சிலிருந்து கொக்கிக்கு 4 மீட்டர், கொக்கியில் 100 கிலோ. எல்லாம் சரியாக இருக்கிறது. இப்போது அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைக்கிறோம். அச்சில் தாங்கிய தராசுக்கோல் போல அது கொக்கியை மேலே தூக்கும்: 100-ஐ நாலால் வகுக்க, 25 கிலோ போயிற்று. பின்சுவரில், அச்சிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, இரண்டு சைக்கிளும் ஒரு ஸ்டெப்னியுமாக 40 கிலோவை மாட்டுகிறோம். இன்னொரு 25 கிலோ போயிற்று. மொத்த எடை 1,140 ஆகிவிட்டது, கொக்கியில் மிச்சம் 50. நாலரை சதவீதம்கூட இல்லை. தொட்டியையும் சைக்கிளையும் தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமான ஆசைகள்தான்.

எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே கிடக்கிறது என்பதும் கணக்கில் வரும். இரண்டு நுனியிலும் குடம் தொங்கும் காவடியைத் தோளில் வைத்துத் திரும்பியவருக்குத் தெரியும்: திருப்புவது கஷ்டம், திரும்பத் தொடங்கியதை நிறுத்துவது அதைவிடக் கஷ்டம். டிரெய்லரின் முனைகளில் பாரம் சேர்ந்தால் இதுதான் நடக்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே காற்றோ குழியோ தந்த ஆட்டம் தானாக அடங்கிவிடும். அந்த வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் எடையை இடம் மாற்றக்கூடிய ஒரு சோதனை டிரெய்லரை ஓட்டிப் பார்த்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொக்கிப் பாரம், அச்சு இருக்கும் இடம், எடை பரவியிருக்கும் விதம் ஆகியவற்றையே அவர்கள் முக்கியமாகச் சுட்டினார்கள். ஆட்டம் வந்துவிட்டால் ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாமல், பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கொக்கிப் பாரத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மிஷின்மேல் கட்டையை வைத்து, டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, முனையை அதன்மேல் இறக்கினால் தெரிந்துவிடும். மிஷினின் உச்ச அளவை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவுப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே, பதிவு வேண்டும். பதிவான வண்டியைத் தயாரிப்பாளரின் வடிவத்திலிருந்து இஷ்டத்துக்கு மாற்றுவதை 52-வது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆகவே லேத் பட்டறையில் சேசிஸை வெட்டி நீட்டிவிட்டுப் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகம் போவது வீண் அலைச்சல். PY என்று தொடங்கும் பதிவு எண்ணுக்காகவே வெளிமாநிலத்துச் சொகுசுக் கார்கள் புதுச்சேரி முகவரி தேடி வந்த காலம் உண்டு. டிரெய்லருக்கு அப்படிக் கூட்டம் வந்ததாகத் தெரியவில்லை.

வாங்கிய டிரெய்லரைத் தவளக்குப்பத்தில் நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலூர் சாலையில் இருக்கிறது ஊர்; கிழக்கே கொஞ்ச தூரத்தில் நல்லவாடு கடற்கரை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து தகரத்தின்மேல் உப்பாகப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நம் கடற்கரை இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். மழையே பெய்யாவிட்டாலும் வண்டி இரவெல்லாம் உப்புநீரில் நனைந்தபடிதான் நிற்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் கடலோரமாக உலோகத் துண்டுகளை வெயிலிலும் காற்றிலும் போட்டு அரிப்பை அளந்துவருவது இதற்காகத்தான்.

அலுமினியத் தகடும் இரும்புச் சட்டமும் சந்திக்கும் இடங்களை உற்றுப் பாருங்கள். ஆணித்தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியம் கரைகிறது என்று பொருள். உப்புநீர் இரண்டு உலோகங்களையும் ஒரு பேட்டரியாக்கிவிட, பலவீனமான உலோகம் தன்னைக் கொடுக்கிறது. பெரிய இரும்புத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடிப்பது மிக மோசம். முழு அரிப்பும் அந்தச் சின்ன ரிவெட்டின் தலையில் விழும். இன்னொரு எதிரி ஒழுகல் அடைக்கும் பசையின் டியூபிலேயே இருக்கிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கான் பலவும் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அது அசிட்டிக் அமிலம். ஒழுகலை அடைக்கப் பூசியதே அடியிலிருக்கும் இரும்பை அரிக்கத் தொடங்கும். வாடை வராத ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்குங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி வைப்பதும் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில், குறிப்பாக அடிப்பக்கத்தை, கழுவுங்கள்.

டயரையும் பாருங்கள். ஓடாமல் நிற்கும் டிரெய்லரில் டயர் தேயாது, ஆனால் வயதாகும். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஏ.சி. வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் இருப்பது இரண்டரை யூனிட். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதே பேட்டரியில் 28 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினாலும் செலவு கால் யூனிட்டுக்குள். கூரைக்கு வெள்ளை பெயின்ட், எதிரெதிராக இரண்டு ஜன்னல், கொசுவலை, மின்விசிறி. மின் இணைப்பு தரும் கேரவன் பூங்காக்கள் நம் பக்கம் பெருகும்வரை என் வாக்கு இதற்கே. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-லேயே கேரவன் பூங்காக்களுக்குக் கொள்கை வகுத்தது. கேரளம் 2021-ல் தனிக் கொள்கை அறிவித்து மறு ஆண்டே வாகமணில் பூங்கா திறந்துவிட்டது.

கடைசியாக, ஐப்பசி கார்த்திகை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பாகூர் பகுதிக்குள் புகுந்தது. 8 சதுர மீட்டர் தரையுள்ள, நன்றாக அடைத்த 1,000 கிலோ டிரெய்லர், அதன் தளத்துக்கு மேல் 12.5 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினாலே மிதக்கத் தொடங்கும். காற்றின் கணக்கு இன்னும் கடுமையானது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது வீசியதைப் போல மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று, 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள பக்கச் சுவரில் அடித்தால், தள்ளும் விசை 800 கிலோவை ஒட்டி வரும். அது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வேலை செய்கிறது; இரண்டையும் பெருக்கினால் 1,200. கவிழாமல் பிடித்துவைப்பது வண்டியின் எடையும் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியான 0.9 மீட்டரும்: 900. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைத்தால் 990 வரும், போதாது. அதனால் ஐப்பசிக்கு முன்பே தரையில் கான்கிரீட் போட்டு நான்கு மூலையிலும் இரும்பு வளையம் பதித்து, லாரிகளில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டால் சேசிஸைக் கட்டிவிட வேண்டும். கூண்டின் சுவரில் கட்டினால் சுவர் மட்டும்தான் கையில் மிஞ்சும்.