5 ஆண்டில் 2 பட்டம்: பொதுக் கொள்கை படிப்பில் சேரும் முன்...

பி.யூ.சி. முடித்த பிள்ளைகளுக்கு என்ஜினீயரிங், பி.காம். மட்டும்தான் வழியா? இல்லை. பொதுக் கொள்கை என்ற படிப்பும் இருக்கிறது.

அரசு ஒரு திட்டத்தை ஏன் கொண்டு வருகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று ஆராய்வதே இந்தப் படிப்பு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருந்தாலும், பிழைக்க வந்த மாநிலத்தில் அரிசி வாங்கலாம். 2019-ல் நான்கு மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கிய இத்திட்டம் 2022-ல் நாடு முழுவதும் பரவியது. இப்படி ஒரு திட்டத்தை வகுத்து, நடத்தி, குறை களைவது எப்படி என்பதே பாடம்.

எத்தனை ஆண்டு?

இளங்கலைக்கு 3 ஆண்டு, முதுகலைக்கு 2 ஆண்டு என்பது பழைய முறை. இரண்டையும் சேர்த்து 5 ஆண்டுப் படிப்பாக நடத்தும் பல்கலைக்கழகங்களும் உண்டு. ஐதராபாத் மத்திய பல்கலைக்கழகம் பொருளாதாரம், அரசியல் போன்ற பாடங்களில் இப்படி எம்.ஏ. நடத்துகிறது. இதற்கான 'கியூட்' நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 4 ஆண்டு ஹானர்ஸ் முடித்தவர்களுக்கு ஒரே ஆண்டில் முதுகலை நடத்த யு.ஜி.சி. 2024-ல் வழி வகுத்தது.

பாதியில் நின்றால்?

குமாஸ்தா சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். வீட்டு நிலைமையால் மூன்றாம் ஆண்டோடு பிள்ளை வேலைக்குப் போக நேர்ந்தால், இளங்கலைப் பட்டம் கையில் கிடைக்குமா? 2020 கல்விக் கொள்கை இதற்கு இடம் தருகிறது. ஆனாலும், சேரும் கல்லூரியின் விதிமுறையைப் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

கலெக்டர் ஆக இந்தப் படிப்பு கட்டாயம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டமும் 21 வயதும் போதும். மெயின் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆராய்ச்சி நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை தேடுவோருக்கே முதுகலை அதிகம் கைகொடுக்கும்.

ஏற்கனவே பட்டம் பெற்று வேலையில் இருப்போருக்கும் வாய்ப்பு உண்டு. பெங்களூர் நாகரபாவியில் உள்ள தேசிய சட்டப் பள்ளி, 2014-ல் பொதுக் கொள்கைக்கு 2 ஆண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு.

ஐந்தாண்டு முழுவதும் படிக்க வைக்க முடியுமா என்ற தயக்கம் இருந்தால், முதலில் பட்டம், பிறகு முதுகலை என்று பிரித்துப் படிப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.